நிர்மலாவின் மூச்சு

கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள் என்று சொன்ன முதல் நாளே மாதவராஜுக்குத் தன் மூச்சு கேட்கவில்லை. இறந்துபோன மனைவி நிர்மலாவின் மூச்சுதான் கேட்டது.

கம்பைநல்லூரில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நிர்மலாவுக்கு நுரையீரல் சுருங்கிப்போய் மூன்று வருஷம் படுக்கை. மூக்கில் குழாய், கட்டிலோரம் ஆக்சிஜன் மிஷின். கரண்ட் போனாலும் மிஷின் நிற்கக் கூடாதென்று இன்வெர்ட்டர், அதுவும் போதாதென்று ஒரு சிலிண்டர். "இப்படிப் பார்த்துக்கிற புருஷன் யாருக்குக் கிடைப்பான்?" என்று ஊரே சொன்னது. போன மாசியில் அவள் போய்ச் சேர்ந்தாள். அதோடு இவருக்குத் தூக்கமும் போயிற்று. கூட வேலை பார்த்தவர் ஒருவர் சொல்லித்தான் ஐப்பசியில் வத்தல்மலைக்கு வந்தார். காப்பித் தோட்டத்து நடுவில் ஒரு பௌத்த தியான நிலையம். முப்பது நாள் மௌனம், போன்கூடக் கிடையாது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆசிரியை சுசித்ராவிடம் மட்டும் பத்து நிமிஷம் பேசலாம்.

முதல் வாரம் முட்டி வலியிலேயே கழிந்தது. இரண்டாம் வாரம் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வந்தது. மூக்கு நுனியில் காற்று தொட்டுப் போவதும், சோற்றுப் பருக்கை பல்லில் நசுங்குவதும், நடக்கையில் குதிகால் மண்ணில் படுவதும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பத்தொன்பதாம் நாள், அந்த மாசிக் காலையும் அதே தெளிவோடு எதிரே வந்து நின்றது. அவர் எழுந்து ஓடவில்லை. கன்னம் நனைய அப்படியே இருந்தார்.

அன்றே சுசித்ராவிடம் போனார். சுசித்ராவுக்கு அவர் மகள் வயசுதான்.

"அவ தூக்கத்துல போயிட்டான்னு எல்லார்கிட்டயும் சொன்னேனுங்க. பொய்ங்க. நான் பக்கத்து ரூம்ல டீ குடிச்சிட்டிருந்தேன். அவ மூச்சு இழுக்குற சத்தம் நின்னுச்சு. எனக்குத் தெரிஞ்சிருச்சு. ஆனா எந்திரிக்கல. அந்த டீயைக் குடிச்சு முடிச்சேன்."

சுசித்ரா கேட்டார்: "அப்போ மனசுல என்ன இருந்துச்சு?"

"அப்பாடான்னு இருந்துச்சுங்க." சொன்னதும் உடைந்துபோனார்.

"இன்னும் பதினொரு நாள் இருக்கு. அது வந்தா விரட்டாதீங்க. தீர்ப்பும் சொல்லாதீங்க. வந்தது தெரிஞ்சா போதும்."

தினமும் வந்தது. கூடவே நிர்மலாவும் வந்தாள்: டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் பேசுகிறவள். எட்டு மாதமாகத் தன் குற்றத்தை நினைத்துப் பயந்ததைத் தவிர அவளுக்காக ஒரு சொட்டு அழுததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அழுதார்.

கடைசி நாள் மகள் காவியா காரோடு வந்தாள். மலை இறங்கும்போது அவளிடமும் சொல்லிவிட்டார். அவள் ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டீயரிங்கில் தலை வைத்துத் தேம்பினாள்.

"முடியலன்னு எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்லப்பா. நான் வந்திருப்பேன்ல."

"சொல்லத் தெரியல கண்ணு."

மன்னித்துவிடு என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. வீட்டு வாசலில் பையை இறக்கி வைத்தவள், "சாப்பிட்டுட்டுப் படுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, உள்ளே வராமலே கிளம்பிப் போனாள்.

மூன்று மாசம் சரியாகப் பேச்சில்லை. மாசியில் வருஷத் திதிக்கு வந்தாள். அம்மா படத்துக்குப் பூ வைத்தாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் போன பிறகு, அவருக்கு எதிரே தரையில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்குக் காலையில அம்மா ஏதாச்சும் பேசுனாங்களா? மொதல்ல இருந்து சொல்லுங்கப்பா."