கொக்கிக்கு ஒரு குட்டு

அப்பாவின் கட்டைவிரலைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடியும் போன் மீது வைத்து அழுத்தினாள். போன் லேசாக அதிர்ந்தது, ஆளைத் தெரியவில்லை என்றது, இருண்டது. அந்தக் கையை எடுத்து அவர் வயிற்றின் மீதே திரும்ப வைத்தாள்.

"நல்லா அழுத்திப் பாரேன்," என்றார் சித்தப்பா.

"அழுத்துறதுல ஒண்ணும் இல்ல சித்தப்பா. உயிர் இருக்கிற விரலுக்குத்தான் திறக்கும்."

"அப்படியா? என்ன அநியாயம்!"

போன் கம்பெனி மேல் வழக்குப் போடப் போகிறவர் மாதிரி சொன்னார். காலையில் வந்ததிலிருந்து எல்லாவற்றையும் அவர்தான் முன்நின்று நடத்திக்கொண்டிருந்தார். முன்நின்று நடத்துவது என்றால், வாசலில் நின்றபடி, துக்கம் கேட்க வருகிறவர்களிடம் தன் சர்க்கரை அளவைச் சொல்வது. அப்பா வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனியின் பழைய ஆட்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும், நம்பரெல்லாம் போனுக்குள் இருக்கிறது என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார்.

"ஒண்ணு ரெண்டு மூணு நாலு," என்றது ஒரு குரல்.

சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"என்னம்மா எண்ணுறே?"

"எண்ணல. பூட்டு நம்பர். அதான் போடுவாரு."

போட்டாள். திறந்தது. உலகத்துக்கே புதிர் போட்டுக்கொண்டிருந்த மனுஷன் தன் போனுக்குப் போட்டிருந்த பூட்டு இதுதான். சிரிக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

அழைப்புப் பட்டியலில் லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் ஒருவரும் இல்லை. சித்தப்பாவின் நம்பரே இல்லை. போனில் இருந்ததெல்லாம் ஒரு அரட்டைக் குழு. 'மண்டைக் குடைச்சல்.' அதற்குள் அப்பாவின் பெயர் கொக்கி.

அவளுக்கு அந்தக் குழுவைத் தெரியும். ஓய்வு பெற்றபின் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் அவர் குடும்பம் நடத்தியது அதோடுதான். அவள் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள். வீட்டுக்குள் அவர் வாயிலிருந்து வருவது "தண்ணி", "கதவு", "யாரு?" அவ்வளவுதான். அம்மாவும் அவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டதை அவள் பார்த்துப் பல வருடம் ஆகிவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டைக்குக்கூடப் பேச வேண்டுமே. அங்கே குழுவுக்குள் மட்டும் அவர் வாய் மூடாத வள்ளல். கொட்டாவி ஏன் ஒருவரைப் பார்த்து இன்னொருவருக்கு வருகிறது என்று யாரோ கேட்டால், 'பக்கத்தில் இருப்பவன் மொத்தக் காற்றையும் இழுத்துவிடுவானோ என்ற பயம்தான்' என்று கூசாமல் எழுதுவார். அதற்கு முப்பது பேர் கைதட்டுவார்கள். ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில், ஒரு மில்லிகிராம் பிசகினால் ஆள் போய்விடுகிற இடத்தில் வேலை பார்ப்பவள் அவள். வாய்க்கு வந்ததை அடித்துவிட்டுக் கைதட்டல் வாங்குகிற ஜாதியை அவளுக்கு அறவே பிடிக்காது. அந்த ஜாதியின் தலைவர் பெற்ற தகப்பனாக இருந்தது அவள் பாவம்.

அம்மாவை நினைத்தால்தான் வயிறு எரியும். பேச்சுத் துணையில்லாமல் அம்மாவுக்கு மூளையே கொஞ்சம் குழம்பிவிட்டது என்பது அவள் எண்ணம். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அம்மா போன் செய்து சம்பந்தா சம்பந்தமில்லாமல் எதையாவது கேட்பாள். கேட்டுக்கொண்டு, நலம்கூட விசாரிக்காமல் வைத்துவிடுவாள்.

குழுவில் அப்பா கடைசியாகப் போட்டது இன்று காலை.

'வால் இருந்தால் சுவரில். வால் அறுந்தால் வாயில். நான் யார்?'

அதைப் போட்டுவிட்டுத்தான் நாற்காலியிலேயே போயிருக்கிறார். கீழே பதில்கள் குவிந்து கிடந்தன. 'பட்டம்?' 'எலியும் பூனையும்?' 'கொக்கி சார், ஒரு க்ளூ!' 'இன்று ஏன் இவ்வளவு பிகு?' தகப்பன் விறைத்துக் கிடக்கிறான், இவர்களுக்குக் க்ளூ வேண்டுமாம்.

நின்றபடியே தட்டினாள்: 'நான் கொக்கியின் மகள். அப்பா இன்று காலை இறந்துவிட்டார்.'

பதில் உடனே வந்தது.

'கொக்கிக்கு மகள் என்றால்... ஊக்கு! சரியா?'

அடுத்தவர்: 'காலை என்றால் பொழுதா, முட்டிக்குக் கீழே இருப்பதா? முதலில் அதைத் தெளிவுபடுத்தவும்.'

இன்னொருவர்: 'சபாஷ் கொக்கி! ஒரு புதிர் முடியுமுன் இன்னொன்று. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?'

'இது புதிர் இல்லை, முட்டாள்களே' என்று எழுதினாள். கடைசிச் சொல்லை அழித்தாள். வீட்டு முகவரியையும், நாலு மணிக்கு வண்டி வருகிறது என்பதையும் சேர்த்து அனுப்பினாள்.

பிறகு வரிசையாக அழுகிற பொம்மை முகங்கள். அப்புறம் ஒரு மகானுபாவர் எழுதினார்: 'புதிருக்கு விடை சொல்லாமலே நம்மிடம் விடை பெற்றுவிட்டார்.' அதற்குக் கீழே பத்துப் பதினைந்து கைதட்டல்கள். தட்டியவர்களில் சிலருக்கு நடுவில் உறைத்திருக்க வேண்டும், அழித்துவிட்டு அழுகிற முகம் போட்டார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. 'தவறாக நினைக்க வேண்டாம் சகோதரி. அந்த வால் அறுந்த புதிரின் விடை உங்களுக்குத் தெரியுமா? மனசு ஒரு மாதிரி இருக்கிறது.'

தெரிந்ததுதான் அவமானம். படித்த கணமே அவள் மூளை, அவளைக் கேட்காமல், கண்டுபிடித்துவிட்டிருந்தது. 'பல்லி. வால் எழுத்தை எடுத்தால் பல். இதுகூடத் தெரியாதா?' என்று அடித்து அனுப்பினாள்.

'அடடா! நம் குழுவின் குட்டு மாதிரியே வெடுக்கென்று சொல்கிறீர்கள்,' என்று பதில் வந்தது.

போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

மதியத்துக்குமேல் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஒல்லியாக, கையில் ஹெல்மெட்டோடு. இன்னொரு பெண்மணி பெரிய உடம்பு, ஏதோ கடையின் சீருடையில், அடையாள அட்டையைக் கழற்றாமல் வந்திருந்தார். யாரைப் பார்த்து என்ன சொல்வது என்று தெரியாமல் செருப்புக் குவியலுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள்.

"யாரு நீங்க?" என்றார் சித்தப்பா.

"நான்... டமாரம்," என்றார் ஒல்லியானவர், பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காத குரலில்.

"என்னது?"

"டமாரம் சார். இவங்க ரப்பர்."

சித்தப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பிணத்தைப் பார்க்க வந்திருக்கிற பெயர்களைப் பார்! "அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க," என்று மட்டும் சொல்லி உள்ளே அழைத்தாள்.

அவர்கள் அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தார்கள். முதல் தடவையாகப் பார்க்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

"இவ்வளவு குள்ளமா இருப்பாருன்னு நினைக்கல," என்றார் ரப்பர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எழுதுறதைப் பார்த்தா நெடுநெடுன்னு இருப்பாருன்னு..."

"படுத்திருக்காரு இல்ல, அதான்," என்றார் டமாரம்.

உதட்டைக் கடித்துக்கொண்டாள். கோபமா வேறேதுமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை. இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். அம்மா யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள்.

டமாரம் தொண்டையைச் செருமினார். "மேடம், ஒரு விஷயம். குட்டுக்குத் தகவல் போச்சான்னு தெரியல. காலைலேருந்து அவங்க பக்கம் சத்தமே இல்ல."

"யாரு அந்தக் குட்டு?"

"குரூப்ல ஒரு லேடி. அவங்க நம்பரும் காட்டாது, போட்டோவும் இருக்காது. ஆனா கொக்கி சார் என்ன எழுதினாலும் பின்னாடியே வந்து ஒரு குட்டு வைப்பாங்க."

"அந்தச் சண்டைக்காகவே நாங்கெல்லாம் குரூப்ல இருந்தோம்," என்றார் ரப்பர். "கடைல பில் போடுற நேரத்துலகூட ஒளிச்சு வச்சுப் பார்ப்பேன். தண்ணில ஊறினா விரல் ஏன் சுருங்குதுன்னு ஒருத்தர் கேட்டாரு. தோல் தண்ணி குடிச்சு ஊதிப்போய், இடமில்லாம மடிஞ்சிடுதுன்னு சார் போட்டாரு. குட்டு விடல. 'நரம்பு அறுந்த விரல் சுருங்காது. கொக்கி அவர்கள் போய்ப் படித்துவிட்டு வரவும்'னு போட்டாங்க. என்ன சிரிப்பு அன்னைக்கு!"

"சார் கோவிச்சுக்கவே மாட்டாரு. அவங்க திட்டினா மட்டும் ஒரு தனி குஷி அவருக்கு," என்றார் டமாரம். "பாவம், அவங்களுக்கு யார் சொல்றதுன்னுதான்."

அப்படியா சேதி. வீட்டில் ஒருத்தி வாயைத் தைத்துக்கொண்டு வாழ, வெளியே ஒருத்தியோடு கொஞ்சல். முகம் காட்டாத ஒருத்தி. இத்தனை வயதுக்குமேல். படுத்திருக்கிற மனிதரைப் பார்த்தாள். இறந்தவர் என்பதற்காக அவள் மனதில் கொடுத்து வைத்திருந்த கொஞ்ச மரியாதையும் அந்த நிமிடம் கழன்று விழுந்தது. அம்மா காதில் இது விழுந்துவிடக்கூடாதே என்று திரும்பினாள்.

அம்மா இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தகவல் போச்சு," என்றாள் அம்மா.

"உங்களுக்கு அவங்களைத் தெரியுமாம்மா?" ரப்பர் நாற்காலியிலிருந்து முன்னால் நகர்ந்தார்.

"தெரியாம என்ன. நான்தான்."

வாசலில் சித்தப்பா யாரிடமோ வெறும் வயிற்றில் நூற்று நாற்பது என்று சொல்லிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது.

"என்னம்மா சொல்றே?"

"வேற என்ன செய்யச் சொல்றே? அத்தனை பேரை உக்கார வச்சு வாய்க்கு வந்ததை அளந்துக்கிட்டிருந்தாரு. எல்லாம் தப்பு. ஒண்ணுகூட உருப்படியா தெரியாது. யாராவது சொல்லணுமா இல்லையா? அதான் நானும் உள்ள போனேன்."

"உனக்கு மட்டும் எப்படித் தெரியும் அதெல்லாம்?"

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

நரம்பு அறுந்த விரல். மருந்தகத்தின் பின்னறையில், ஒரு கையில் கரண்டியோடு, இன்னொரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, "நரம்பு சரியில்லேன்னா சுருங்காதும்மா, இதையெல்லாம் எதுக்குக் கேக்குறே, சாப்பிட விடு" என்று எரிந்து விழுந்தது நினைவுக்கு வந்தது. கொட்டாவி, விக்கல், ஒரு பக்கமாகப் படுத்தால் கை மரத்துப்போவது. எல்லாம் அவள் எரிச்சலோடு சொல்லிக் கொடுத்தவை. அம்மாவுக்கு நரம்பு மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்று இரண்டு தடவை நேரம்கூட வாங்கி வைத்திருந்தாள்.

"சாருக்குத் தெரியுமாம்மா, நீங்கதான்னு?" டமாரத்தின் குரல் இன்னும் உள்ளே போயிருந்தது.

அம்மா தோளைக் குலுக்கினாள். "நான் கேக்கல, அவரும் சொல்லல. ஒரு நாள் என் போன் செத்துப்போச்சு. குட்டு எங்க, குட்டு எங்கன்னு நீங்கள்லாம் கூப்பாடு போட்டீங்களாமே. இவரு நாற்காலியை விட்டு எழுந்து வந்தாரு. தன்னோட சார்ஜரைக் கொண்டாந்து சமையக்கட்டு மேடைல வச்சாரு. திரும்பிப் போயிட்டாரு."

"ஒண்ணும் பேசலியா?" என்றாள் மகள்.

"பேசுறவரா அவரு? அன்னைக்கும் ஒரு தப்பான பதில்தான் போட்டிருந்தாரு. போனைச் சொருகிட்டு நின்னுக்கிட்டே நல்லாக் குடுத்தேன்."

ரப்பர் சத்தமாக அழ ஆரம்பித்தார். அம்மா அவரை அருவருப்போடு பார்த்தாள். "இந்தாம்மா, அழுறதுன்னா வெளிய போய் அழு. இவருக்கு இந்த மாதிரி சத்தமெல்லாம் ஆகாது," என்றாள்.

சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தி வண்டி வந்தது. நாலு பேர் தூக்கினார்கள். டமாரம் ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே கால் பக்கம் பிடித்தார். சித்தப்பா முன்னால் நடந்து, இடம் இருந்த இடத்திலெல்லாம் "வழி விடுங்க, வழி விடுங்க" என்றார். படியில் இறங்கும்போது பலகை சாய்ந்தது. டமாரம் தோளைக் கொடுத்து நிமிர்த்தினார். அவர் சட்டையில் வியர்வை முதுகோடு ஒட்டியிருந்தது.

வண்டியின் பின்கதவைச் சாத்தப் போனார்கள். "இருங்க," என்றாள் அம்மா.

ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். அம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, போர்த்தியிருந்த துணியைக் கழுத்திலிருந்து விலக்கினாள். சித்தப்பா போட்டுவிட்ட வெள்ளைச் சட்டை. பொத்தான்கள் ஒரு துளை தள்ளிப் பூட்டப்பட்டு, ஒரு பக்கக் காலர் தாடைக்கு ஏறி, இன்னொரு பக்கம் இறங்கிக் கிடந்தது. காலையிலிருந்து எத்தனையோ பேர் குனிந்து பார்த்த சட்டை.

"யாரு போட்டது இதை?" என்றாள் அம்மா.

சித்தப்பா வேறு பக்கம் பார்த்தார்.

"நேரமாகுது அண்ணி, துணி மூடித்தானே இருக்கு..."

"தப்பா இருக்குல்ல."

அம்மா மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினாள். கடைசியை அவிழ்த்தபின், சட்டையின் இரண்டு நுனிகளையும் பிடித்துச் சமம் பார்த்தாள். பிறகு கீழேயிருந்து, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வந்தாள். நடுவில் ஒரு பொத்தான் துளைக்குள் போக மறுத்தது. விரல் நுனியை எச்சிலால் நனைத்துக்கொண்டு மறுபடியும் முயன்றாள்.

மகள் கதவைப் பிடித்தபடி நின்றாள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார்.