மேயாத சரிவு

செம்மநத்தம் மலைக்கிராமத்துக்கு மேலே, கம்பி வேலி போட்ட சரிவில் நின்று மேனகா இரண்டாம் முறையாக எண்ணினாள். பத்து ஆடுகள்தான் இருந்தன. பன்னிரண்டு இருக்க வேண்டும்.

பதினோராவது, பாறைக்குப் பின்னால் கிடந்தது. சேலம் கருப்பு இனத்துக் கிடா. வயிறு பானைபோல் உப்பியிருந்தது. மூக்கிலிருந்து கருஞ்சிவப்பாய் வழிந்து புல்லில் சொட்டிய ரத்தம், உடம்பு விறைத்துப்போன பிறகும் உறையவில்லை.

அறுத்துப் பார்க்கலாம் என்று பைக்குள் போன கை அப்படியே நின்றது. இப்படிச் செத்ததைக் கத்தியால் தொடவே கூடாது. கால்நடை மருத்துவக் கல்லூரியில் எல்லோரும் படிக்கிற பாடம் அது.

போன் அடித்தது. பேராசிரியர் வெங்கடாசலம்.

"மேனகா, கமிட்டி அடிவாரத்துல டீ குடிச்சிட்டு இருக்காங்க. ஒன்றரை மணி நேரத்துல அங்க இருப்போம். எல்லாம் ரெடிதானே?"

"சார், ஒரு ஆடு செத்திருச்சு. ரத்தம் உறையலை."



"கண்ணாடி விரியன் கடிச்சாலும் ரத்தம் உறையாதும்மா. தார்ப்பாயைப் போட்டு மூடு. மிச்ச ஆட்டைக் காட்டினாப் போதும். இன்னைக்கு அவங்க தலையாட்டினாத்தான் அடுத்த மூணு வருஷ நிதி. உன் வேலையும் அதுலதான் ஓடுது, மறந்துடாதே."

அவள் மறக்கவில்லை. மலைப்புல்லை மட்டும் தின்று ஆடு எவ்வளவு எடை போடும் என்ற திட்டமே அவள் எழுதியதுதான். ஆடுமாடு வாய் வைக்காத புல்வெளி ஒன்று அதற்குத் தேவைப்பட்டது. குப்பனூர் ரோட்டிலிருந்து ஊர் ஊராய் அலைந்தாள். எங்கும் மொட்டைத் தரை. இந்தச் சரிவில் மட்டும் முழங்கால் உயரப் புல். ஊர்க்காரர்கள் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். விண்ணப்பத்தில், நிலத்தின் முந்தைய பயன்பாடு என்ற கட்டத்தில், 'பல்லாண்டுகளாக மேய்ச்சல் இல்லை' என்று அவள் பெருமையோடு எழுதினாள். அந்த ஒரு வரியில்தான் நிதிக்குழு மயங்கியது.

"சித்தண்ணா!"

திட்டத்தின் வாட்ச்மேன் சித்தன், வலது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வந்தார்.

"இந்தச் சரிவுல ஏன் யாரும் மாடு மேய்க்கலை?"

"பழக்கமில்லீங்க அம்மணி."

"ஏன் பழக்கமில்லை?"

சித்தன் செத்த ஆட்டைப் பார்த்தார். பிறகு வேலியைப் பார்த்தார்.

"அப்ப எனக்குப் பத்து வயசிருக்கும். எஸ்டேட் வண்டி மாடுக ஒரே வாரத்துல பதினாலு செத்து உழுந்துச்சுங்க. இங்கதான் சுண்ணாம்பைக் கொட்டிப் பொதைச்சாங்க. அதுக்கப்பறம் ஒருத்தரும் இந்தப் பக்கம் ஓட்டறதில்லை. வேலிக்குக் குழி தோண்டையில எலும்பு வந்துச்சுங்க. மூடிப்போட்டேன்."

"இதை அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"மேயாத நெலம் எங்கிருக்குதுன்னு கேட்டீங்க, காட்டுனோம். ஏன் மேயலைன்னு கேக்கலீங்களே?" குரலைத் தாழ்த்தினார். "சொல்லியிருந்தா நீங்க வேற ஊருக்குப் போயிருப்பீங்க. எனக்கு வாட்ச்மேன் உத்தியோகம் யாரு குடுப்பா?"

மேனகாவால் அவரைத் திட்ட முடியவில்லை. அன்றைக்கு அவளும் கேட்காமல்தான் விட்டாள். கேட்டிருந்தால் அந்த வரியை எழுதியிருக்க முடியாது.

"இன்னொரு ஆடு எங்க?"

"நரி தூக்கிட்டுப் போயிருச்சுங்க."

"இத்தனை கம்பியைத் தாண்டியா? நரிக்கு நீங்கதான் கதவைத் தெறந்து விட்டீங்களா?"

சித்தன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"நாலு நாளைக்கு முந்தி, நீங்க காலேஜுக்குப் போயிருந்தப்ப, தள்ளாடிக்கிட்டு நின்னுச்சுங்க. வீணா எதுக்குச் சாகோணும்னு அறுத்துட்டோம். கறி நொம்ப நல்லாத்தான் இருந்துச்சு. ஊட்டுக்கு ஊடு பங்கு போட்டாச்சு."

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு, அவர் கையிலிருந்த துண்டை விலக்கினாள். மணிக்கட்டுக்கு மேலே வீங்கியிருந்தது. வீக்கத்தின் நடுவே கரித்துண்டை ஒட்டியதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு.

"வலிக்குதா?"

"துளிகூட இல்லீங்க. அரிப்புதான். காப்பித் தோட்டத்துப் பூச்சி எதோ கடிச்சிருச்சாட்ட இருக்குது."

வலிக்காத கறுப்புப் பொருக்கு என்றால் ஒரே ஒரு நோய்தான். அடைப்பான். ஆளையும் கொல்லும் ஆந்த்ராக்ஸ். மாட்டோடு புதைத்தாலும் மண்ணுக்குள் எத்தனையோ வருடம் சாகாமல் கிடக்கும் கிருமி. குழி தோண்டி அதை மேலே கொண்டுவந்தது அவளுடைய வேலி.

கீழே எங்கோ கொண்டை ஊசி வளைவில் ஒரு கார் ஹாரன் கேட்டது. தார்ப்பாய் ஷெட்டில் மடித்தபடி இருந்தது. பத்து ஆடுகளும் பளபளவென்று, போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றன.

மேனகா வேலிக் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டாள். 'அடைப்பான். யாரையும் மேலே கூட்டி வராதீங்க சார்' என்று பேராசிரியருக்கு மெசேஜ் அனுப்பினாள். உடனே போன் அடித்தது. அதைத் துண்டித்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் புஷ்பலதாவைக் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் டாக்டரின் குரல் மாறியது.

"அந்தக் கறியை எத்தனை பேர் சாப்பிட்டாங்க? ஒருத்தர் விடாம வேணும். இப்பவே சொல்லுங்க."

மேனகா போனைக் காதிலிருந்து எடுக்காமலே சித்தனிடம் கேட்டாள்.

சித்தன் விரல்களை மடக்க ஆரம்பித்தார். பதினொரு வீடு. ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனார். அதுவும் முடிந்து, திரும்பவும் முதல் விரலுக்கே வந்தவர் பாதியில் நின்றார்.

"அம்மணி, எங்க பொண்ணு மலரு முந்தாநேத்திருந்து வயித்து வலின்னு சுருண்டு படுத்திருக்குதுங்க. வாந்தியில ரத்தமா வருது. அதையும் இதுல சேக்கோணுங்களா?"