முன் அனுமதி

1998 ஆகஸ்டில் வத்சலாவின் இடப்பக்கக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பதினோராம் நாள், லக்ஷ்மிபாய் நகர் அரசாங்க குவார்ட்டர்ஸில் அவள் வீட்டின் இடப்பக்கச் சுவர் இரண்டு விரற்கடை உள்ளே வந்திருந்தது. பல் இல்லாத இடத்தில் தாடையெலும்பு மெல்லக் கரைந்துவிடும், அன்றே குழியில் எலும்புத்தூள் வைத்துத் தைத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லத்தான் சொன்னாள். கணவர் சேஷன் ஒப்பவில்லை. வைத்தியச் செலவுக்கு முன் அனுமதி இல்லை என்று ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாகப் பிறர் கோப்புகளைத் திருப்பி அனுப்பியவர் அவர். விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

"ஏன்னா, சுவர் வரது."

"சுவர் எங்கடி வரும்? நீ தாடையைத் தடவிண்டே இருக்காதே."

அந்தச் சுவர்ப்பக்கம் தலைமாடு வைத்துத்தான் பன்னிரண்டாவது படிக்கும் மகள் சுபாஷிணியின் கட்டில். வத்சலா தினமும் காலையில் நாக்கால் ஈறின் உயரத்தையும், சாணால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடத்தையும் அளந்தாள். இரண்டும் ஒன்றாகவே குறைந்தன. பராமரிப்பு இன்ஜினீயர் வந்து தட்டிப் பார்த்து, ஈரக்கசிவு என்று எழுதிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு வேணு மட்டும், தன் அறை பெரிதாகிக்கொண்டே போவதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாமல், தீபாவளிக்கு ஒரு இரும்பு பீரோ வாங்கிப் போட்டார். விண்ணப்பம் மூன்று முறை திரும்பி வந்தது. கட்டிலை நகர்த்தி நகர்த்தி, ஜனவரியில் அது எதிர்ச்சுவரைத் தொட்டது.

ஒரு நாள் காலை சுபாஷிணியால் எழுந்திருக்க முடியவில்லை. பின்னலின் நுனி சுவருக்குள் போயிருந்தது.

"அம்மா, ஜல்தி. ஸ்கூல் பஸ் போயிடும்."

வத்சலா கத்தரிக்கோலால் பின்னலை வெட்டினாள். சேஷனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறிப் போய் டாக்டரம்மாவின் நாற்காலியில் வாயைத் திறந்தாள். கரைந்தது தானாக வளராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று சொல்லி அவள் எலும்புத்தூளை வைத்துத் தைத்தாள். அன்றோடு சுவர் நின்றது.

ஏப்ரலில் அனுமதி வந்தது. சேஷன் அதைப் படித்து, துளையிட்டு, கோப்பில் கோத்தார். இன்ஜினீயர் அறையின் அளவை ஒன்பதடியிலிருந்து ஏழேகால் என்று திருத்தினார். வேணு பீரோவுக்குப் பக்கத்தில் இன்னொன்று வாங்கவில்லை.

சுபாஷிணி கல்யாணமாகிப் புனேக்குப் போய்விட்டாள். சுவரில் மாட்டிய முடி மட்டும் வளர்ந்துகொண்டிருக்கிறது. வெள்ளையடிக்க வருகிறவர்கள் அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் பூசுகிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் வத்சலா, நாக்கால் ஈறைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதற்கு எண்ணெய் தடவிப் பின்னிவிடுகிறாள்.