இடது பின்சக்கரம்

ஜனப்பன்சத்திரம் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் பின்னாலிருந்து மறுபடியும் அந்த உரசல் வந்தது. கூடவே ரப்பர் கருகும் வாடை. குணாளன் லாரிகளுக்கு வழிவிட்டு, ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினான்.

பின் சீட்டில் நைனா துளசிராமன் இடதுபக்கக் கதவோடு, தலையணை வைத்துச் சாய்ந்து கிடந்தார். அம்மா அங்காளம்மாள் அவர் கையைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தாள். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று காலையில்தான் சென்னை ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆம்புலன்ஸ் வேண்டாம், தன் வண்டியிலேயே போகலாம் என்றது நைனாதான். கவரைப்பேட்டையில், சொந்த வீட்டில்தான் உயிர் போகவேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். இன்னும் அரைமணி நேரம்தான் இருந்தது.

வண்டி அறுபத்து நாலாம் வருஷத்து பியட். பழசாக வாங்கி, தன் ஷெட்டில் வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று வருஷம் உழைத்து நைனா எழுப்பியது. பச்சை பெயிண்ட்டும் அவர் அடித்ததுதான். அழகுக்காக அகல டயர் போட்டிருந்தார். முன்னால் இரண்டு பேர் போனால் ஒன்றும் இல்லை. பின்னால் ஆள் ஏறினால் வண்டி தாழ்ந்து, டயர் மட்கார்டின் உள்விளிம்பில் உரசும். விளிம்பை உள்பக்கமாக மடித்துவிட்டால் தீர்ந்தது என்று, இரும்பு மில்லில் வேலை பார்க்கும் குணாளன் பலமுறை சொல்லிவிட்டான். அடித்தால் பெயிண்ட் வெடிக்கும் என்று அவர் ஒப்பவில்லை. ஒருமுறை அது சண்டையாகி, இரண்டு மாதம் அப்பனும் பிள்ளையும் பேசிக்கொள்ளவில்லை. அதன் பிறகு அவர் பின் சீட்டில் யாரையுமே ஏற்றவில்லை. அம்மாவே இன்றைக்குத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

குனிந்து பார்த்தான். டயரின் ஓரம் தேய்ந்து உள்நூல் தெரிந்தது. இன்னும் உரசினால் அடுத்த பள்ளத்தில் கிழிந்துவிடும்; ஸ்டெப்னியும் இதே அகலம்தான். வேறு வண்டி பார்க்கலாமா என்று அம்மா கேட்டாள். அவரை இறக்கி ஏற்றினால் தாங்கமாட்டார் என்றான்.

நைனா கண்ணைத் திறந்தார்.

"அடிச்சி மடிச்சிடு."

"பெயிண்ட் போய்டும் நைனா."

"போவட்டும். கட்டைய வச்சி அடி."

முன்சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, அவர் உடம்பு அதிராதபடி ஜாக்கியை மெதுவாக ஏற்றினான். சக்கரத்தைக் கழற்றினான். டிக்கியில் ஜாக்கிக்கு அடியில் வைக்கும் பலகைத் துண்டு இருந்தது. அதை விளிம்பில் அண்டக்கொடுத்து, சுத்தியலை ஓங்கிவிட்டு நிறுத்தினான். தகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு முழத்தில் அவர் தலை.

அடித்தான். விளிம்பு லேசாக வளைந்தது.

"இன்னும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மடித்துக்கொண்டே போனான். நகமளவு பச்சைப் பெயிண்ட் உரிந்து மணிக்கட்டில் விழுந்தது. உதறாமல் அடித்தான். கடைசிவரை மடித்ததும் கேட்டான்.

"போதுமா நைனா?"

ஒரு டேங்கர் லாரி கடந்துபோனது. பிறகு அம்மாதான் பேசினாள். எப்போதும்போல இருந்தது குரல்.

"கைய வுட்டுப் பாரு. எடம் இருந்தா சக்கரத்த மாட்டு."

இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. சக்கரத்தை மாட்டி நட்டுகளை முறுக்கினான். ஜாக்கியை இறக்கி, சாமான்களை டிக்கியில் வைத்தான். கை துடைக்கத் துணி கேட்டுக் கதவைத் திறந்தான்.

அம்மா தன் தோளில் கிடந்த துண்டால் நைனாவின் தாடையைச் சேர்த்துத் தலையில் முடிச்சுப் போட்டிருந்தாள்.

"எப்பம்மா?"

"நீ கேட்டியே, அதுக்குக் கொஞ்சம் முன்ன." அவள் துண்டின் முடிச்சைச் சரிசெய்தாள். "சொல்லியிருந்தா வேலைய அப்பிடியே போட்டுட்டு வந்திருப்ப. ஊட்டுக்குப் போவணும் இல்ல."

அவன் கதவைச் சாத்தினான். கறுத்த கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, வண்டியை எடுத்தான்.

தச்சூர் கூட்டு ரோட்டில் பள்ளங்கள் அதிகம். வண்டி இறங்கி ஏறியது. எஞ்சின் சத்தம் மட்டும் இருந்தது.

அதற்கப்புறம் முன்னால் ஒரு மணல் லாரி போயிற்று. தார்ப்பாய் போடாமல் புழுதியை இறைத்துக்கொண்டே போனது. குணாளன் கண்ணாடியில் பார்த்தான். அம்மா நைனாவின் மேல் சாய்ந்து, அவர் பக்கத்து ஜன்னல் கண்ணாடியின் கைப்பிடியை இரண்டு கையாலும் சுற்றிக்கொண்டிருந்தாள். பாதியில் சிக்கியது. கொஞ்சம் இறக்கி, மறுபடியும் ஏற்றினாள்.