சோயெஜிமாவின் வாளும் எகாஷிராவின் உறையும்

ஜப்பானின் சாகா நகரத்து வாள் சேகரிப்பாளர்கள் ஒருவர் பொருளை மற்றவர் பழிப்பதில்லை. மனதுக்குப் பிடிக்காத வாளைக் கையில் கொடுத்தால், "நல்லா ஆரோக்கியமா இருக்கு" என்று சொல்லி, தலைகுனிந்து வணங்கி, அடுத்த வாளுக்கு நகர்ந்துவிடுவார்கள். ஓய்வுபெற்ற நில அளவையாளர் சோயெஜிமா கோசோவின் வாள் இருபத்திரண்டு வருடங்களாக ஆரோக்கியமாகவே இருந்துவந்தது.

சாகாவின் பழைய கொல்லர் அடித்தது என்று நம்பி, ஒரு பழைய வீட்டுக் கிடங்கிலிருந்து அவர் அதை வாங்கினார். வெறும் வெள்ளை மர உறையில் வாள் மட்டும் கிடந்தது. மூன்று நாள் கழித்து அதே வீட்டுக்குக் கடற்பாசி வியாபாரி எகாஷிரா போனார். கிடங்கின் இன்னொரு மூலையில் ஒரு வாளின் அலங்கார உடுப்பு அவருக்குக் கிடைத்தது: கறுப்பு அரக்குப் பூசிய உறை, திருக்கைத் தோல் சுற்றிய கைப்பிடி, கைப்பிடிக்கு முன்னே நாரைகள் பொறித்த இரும்புக் காப்புத் தகடு. உள்ளே வாளுக்குப் பதிலாக வாள் வடிவில் செதுக்கிய ஒரு மரத்துண்டு இருந்தது.

ஒரே வீடு, ஒரே கிடங்கு. வாளும் உடுப்பும் ஜோடிதான் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. உடுப்பை விற்கும்படி சோயெஜிமா கேட்டார். வாளை விற்கும்படி எகாஷிரா கேட்டார். இருவரும் மறுத்தார்கள். அதன்பின் பேச்சு நின்றது. எகாஷிராவுக்கு மட்டும் வாளைக் காட்டுவதில்லை என்று சோயெஜிமா முடிவு செய்தார். "அது ஆரோக்கியமா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, பாவம்" என்று எகாஷிரா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

வாள் சேகரிப்பாளர் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டுக் கண்காட்சி ஜூன் மாதம் வந்தது. வெளியே இரண்டு வாரமாக ஓயாத மழை. இரண்டையும் ஒன்று சேர்த்து ஒரு நாள் மட்டும் வைக்கலாமே என்று செயலாளர் இருவர் வீட்டுக்கும் மாறி மாறி நடந்து, கடைசியில் சம்மதம் வாங்கிவிட்டார். எவர் பெயரும் முந்தாமலிருக்க, பெயர்களை அருகருகே எழுதிய அட்டையும் தயாரானது.

திறப்பு நாள் காலையில் சோயெஜிமா வாளை அரக்கு உறைக்குள் இறக்கினார். முக்கால்வாசி சுலபமாகப் போயிற்று. அப்புறம் நின்றது. எடுத்துவிடலாம் என்றார் அவர். பழைய ஜோடி, கொஞ்சம் கூச்சம் இருக்கும், அழுத்துங்கள் என்றார் எகாஷிரா. இருபத்திரண்டு வருட ஆசை சோயெஜிமாவின் கையிலும் இருந்தது. அழுத்தினார். வாள் இரண்டு விரற்கடை போய்க் கெட்டியாகச் சிக்கிக்கொண்டது. ஒரு சாண் எஃகு வெளியே, மற்றதெல்லாம் உள்ளே. இழுத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. அந்த வருடக் கண்காட்சியில் இரண்டு பெயர் எழுதிய அட்டையும் ஒரு வெற்றுத் தாங்கியும் மட்டும் இருந்தன. பார்க்க வந்தவர்கள் அதையும் வணங்கிவிட்டுப் போனார்கள்.

ஃபுக்குவோக்காவிலிருந்து உறை செய்யும் மத்சுவோ என்ற பெண்ணை அழைத்தார்கள். ஐம்பது வயது இருக்கும், சொல்லைச் செலவழிக்காதவள். உறையைத் தட்டிப் பார்த்துவிட்டு, மழையில் மரம் ஊறியிருக்கிறது, இப்போது இழுத்தால் வாள் கீறும், உறையைப் பிளந்தால் அரக்கு போய்விடும் என்றாள்.

"டிசம்பர்ல மரம் காயும். அதுவரைக்கும் ஈரமில்லாத இடத்துல வைங்க. ரெண்டு பேரும் தொடாதீங்க. முக்கியமா ரெண்டு பேரும்."

சாகாவில் ஈரமில்லாத இடம் என்றால் அது எகாஷிராவின் உலர் கடற்பாசிக் கிடங்குதான். வாள் அங்கே போனது. வாளுக்குரிய பதிவுச் சீட்டு வாளுடனேயே இருக்கவேண்டும் என்பது சட்டம். அதையும் எகாஷிரா கையில் கொடுத்தபோது சோயெஜிமாவுக்குப் பல் பிடுங்கினாற்போல் இருந்தது. ஆகவே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நேரில் வந்து பார்ப்பேன் என்று நிபந்தனை போட்டார்.

வந்தார். எகாஷிரா கடற்பாசி டப்பாக்களில் போடும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களை அறுபது எழுபது எடுத்து வாளைச் சுற்றி அடுக்கியிருந்தார். வாளில் கடல் வாசம் அடித்தது. வெளியே தெரியும் ஒரு சாணுக்கு எண்ணெய் பூசும் வேலை சோயெஜிமாவுடையது. எச்சில் பட்டால் துருப் பிடிக்கும் என்பதால் எஃகின் எதிரே பேசக்கூடாது. வாயில் ஆளுக்கொரு காகித மடிப்பைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்தார்கள். எகாஷிராவின் மனைவி சிஸுக்கோ தேநீர் கொண்டுவந்து, புருவத்தாலேயே சண்டை போடும் இரண்டு கிழவர்களையும் பார்த்து, தட்டை வைத்துவிட்டு அவசரமாக வெளியேறுவாள். சமையலறையிலிருந்து அவள் சிரிப்பது கேட்கும்.

புருவம் போதாதபோது கணக்குத்தாளில் எழுதிக் காட்டினார்கள். மூன்றாவது ஞாயிறு எகாஷிரா விளக்கைச் சாய்த்து அந்த ஒரு சாணை வெகுநேரம் பார்த்தார். அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு வெளிச்சத்தில் அவர் அதைப் பார்ப்பது வாழ்க்கையிலேயே அப்போதுதான். சாகா மண்ணின் பழைய கொல்லர்கள் அடித்த எஃகில் இழைகள் அரிசித் தவிடு தூவினாற்போல் மெல்லிசாக இருக்கும். இந்த எஃகில் இழைகள் தடித்து, மரக்கட்டையின் ரேகைபோல ஓடின. எகாஷிரா பென்சிலை எடுத்து ஒரே ஒரு சொல் எழுதினார்: புங்கோ.

புங்கோ என்பது, சாகா இருக்கும் தீவின் மறுகோடியில் உள்ள பிரதேசம். அங்கே சாதாரண போர்வீரர்களுக்கென்று மலிவாகக் கட்டுக்கட்டாக வாள் அடித்தார்கள். சோயெஜிமா அந்தத் தாளை நான்காகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வழியெல்லாம் கோபம். ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. வாள் வந்த முதல் வருடமே ஒரு நாள் வெயிலில் அவரும் அந்த இழைகளைப் பார்த்திருந்தார். அன்றிலிருந்து வாளை மங்கிய விளக்கில்தான் பார்ப்பார். கையெழுத்து இருந்த அடிப்பகுதியை எவரோ எப்போதோ குட்டையாக வெட்டிவிட்டதால், கொல்லன் பெயர் சொல்ல சாட்சியும் கிடையாது. தவிடு தெரிகிறது என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி, தெரியவும் தொடங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு போகாமலிருக்கத்தான் நினைத்தார். ஆனால் எண்ணெய் பூசவேண்டுமே.

டிசம்பரில் மத்சுவோ மரச்சுத்தியலோடு வந்தாள். பன்னிரண்டு தட்டு. தும்மல்போல ஒரு சத்தத்துடன் வாள் வெளியே வந்தது. நுனியருகில் எள்ளளவு துரு. மெருகேற்றினால் போய்விடும் என்றாள். பிறகு அளவுகோலை எடுத்து வாளின் வளைவையும் உறையின் வளைவையும் அளந்தாள். மறுபடியும் அளந்தாள்.

"இதுக்கும் அதுக்கும் உறவே கிடையாது. இந்த உறை இன்னும் குட்டையான, இவ்வளவு வளையாத வாளுக்குச் செஞ்சது."

இரண்டு கிழவர்களும் அளவுகோலை வாங்கி ஆளுக்கொரு முறை அளந்து பார்த்தார்கள். கடைசியில் சிஸுக்கோ தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள்.

"இருபத்திரண்டு வருஷம் சம்பந்தம் பேசி முறைச்சுக்கிட்டீங்களே, ஒரு தடவையாவது பொண்ணையும் மாப்பிள்ளையையும் பக்கத்துல நிறுத்திப் பாத்தீங்களா?"

குளிர்காலத்தில் சோயெஜிமா வாளின் துருவை நீக்கி, டோக்கியோவுக்கு மதிப்பீட்டுக்கு அனுப்பினார். ஏப்ரலில் சீட்டு வந்தது. அதில் புங்கோ என்றுதான் இருந்தது. அவர் ஒரு நாள் முழுக்க அதை மேசை மேல் வைத்துப் பார்த்தார். மற்றவர் வாயால் எகாஷிராவுக்குப் போய்ச் சேர்வதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை, பழக்கமான நேரத்தில், அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

எகாஷிரா சீட்டைப் படித்தார். கேலியை எதிர்பார்த்து சோயெஜிமா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எகாஷிரா எழுந்து உள்ளே போய் ஒரு நீளமான பட்டுப் பையைக் கொண்டுவந்து அவிழ்த்தார். பழுப்பு அரக்கு உறை, நன்றாக வளைந்தது.

"ஓய்ட்டாவுல, அதான் பழைய புங்கோவுல, கிடைச்சுது. புங்கோக்காரங்க வேலை. மத்சுவோகிட்ட உம்ம வாளோட அளவைக் கேட்டு வாங்கி, கோல் வெச்சுப் பாத்துட்டேன். மயிரிழை பிசகல."

சோயெஜிமா உறையைக் கையில் எடுத்து ஒளியில் திருப்பினார். மனம் அதற்குள் வாளை இறக்கிப் பார்த்துவிட்டது.

"எனக்குக் குடுத்துடும்."

"விக்கிறதுக்கில்ல. உம்ம வாளைக் குடும்."

"என் வாளும் விக்கிறதுக்கில்ல."

கோபித்துக்கொண்டு எழுந்து போகத்தான் இருந்தார் சோயெஜிமா. ஆனால் சிஸுக்கோ அதற்குள் யொபுக்கோ துறைமுகத்துக் கணவாய் மீனை நூல் நூலாக அரிந்து அவருக்கும் ஒரு தட்டு வைத்துவிட்டாள்.