அந்தப் பக்கத்துத் தம்பி

...சரக்கு போகலாம், ஆள் போகக்கூடாதாம், தக்காளிக்கு நோய் வராது எனக்கு வரும், சரி, ஒத்துக்கிறேன், நோயும் பரவக்கூடாது வியாபாரமும் நிக்கக்கூடாதுன்னு பெரிய மனுஷங்க உட்கார்ந்து யோசிச்சிருக்காங்க, எல்லையில ஒரு மஞ்சக் கோடு போட்டாச்சு, நான் லாரியைக் கோட்டுல நிறுத்திட்டு இறங்கணும், கேபினுக்கு மருந்தடிப்பாங்க, அந்தப் பக்கத்து டிரைவர் ஏறி ஓட்டிட்டுப் போவான், லோடை இறக்கிட்டு வர்ற வரைக்கும் நான் இந்தத் தகரக் கொட்டகையில தேவுடு காக்கணும். என் லாரி, என் சீட்டு... நெட்டைப் பய, ஒவ்வொரு தடவையும் சீட்டைப் பின்னால தள்ளி வச்சுத்தான் திருப்பித் தர்றான், கிளச் எட்டாம நான் தொங்க வேண்டியிருக்கு. அதுகூடப் போய்த் தொலையட்டும், அக்கா அவனைத் தம்பிங்கிறாளே, அதை எங்க போய்ச் சொல்ல?

அக்காவை அந்தப் பக்கம்தான் கட்டிக் கொடுத்திருக்கு, மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெரு, லோடை இறக்கின கையோட நான் அவ வாசல்ல போய் நிப்பேன், இளைச்சுட்டியேடான்னு ஒரு தடவை சொல்லுவா, அதைக் கேட்டாத்தான் திரும்பி வண்டி ஓட்டத் தெம்பு வரும். இப்போ அவளோட சர்க்கரை மாத்திரையை நெட்டைகிட்ட கொடுத்தனுப்புறேன், வேற வழி? நேத்து போன்ல ஒரே புகழ்ச்சி, "அந்தத் தம்பி எவ்வளவு தங்கமான பிள்ளை தெரியுமாடா, வேணாம் வேணாம்னுச்சு, நான்தான் உள்ள கூப்பிட்டு உட்கார வச்சுச் சாப்பாடு போட்டேன், ஒழுகிட்டிருந்த குழாயைக்கூடச் சரி பண்ணிக் கொடுத்துட்டுப் போச்சு." அடுத்த லோடுல பண்றேன்க்கா, அடுத்த லோடுல பண்றேன்க்கான்னு நான் ரெண்டு வருஷமாச் சொல்லிட்டிருந்த குழாய்! தங்கமாம். என்னை என்னைக்காவது தங்கம்னு சொல்லியிருக்காளா, தண்டம்னுதான் சொல்லியிருக்கா. கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன் இங்க உயிரோட இருக்கேன், எவனோ ஒருத்தன் என் தட்டுல சாப்பிட்டுட்டுப் போறான்... வயிறு எரியுது, ஆமா, எரியுதுதான், அதுக்கென்ன இப்போ?

அதோ வர்றான் நெட்டை, இன்னைக்கு லோடை எடுத்துட்டுப் போக, கையை வேற ஆட்டுறான், பல்லைக் காட்டுறானோ என்னமோ, மாஸ்க் இருக்கிறதால தெரியலை... லாரிக்குப் பின்னால ஏன் ஒதுங்குறான்? மாஸ்க்கை இறக்குறான், இருமுறான், குனிஞ்சு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு தடவை இல்லை, தொடர்ந்தாப்புல. மருந்தடிக்கிறவர் பார்க்கலை, யாருமே பார்க்கலை, நான் பார்த்துட்டேன். அய்யோ, எனக்கு ஏன் இவ்வளவு குஷி? சொன்னா அவனைத் தனியாக் கொண்டுபோய் அடைச்சிடுவாங்க, லோடு வெயில்ல கிடந்து அழுகும், முதலாளி என்னைப் பிடிச்சுக் கிழிப்பார்... இருந்தாலும் சொல்றதுதானே முறை, ஊர் நல்லதுக்குத்தானே? ஊராவது நல்லதாவது, யார்கிட்டடா கதை விடுற... எழுந்து போய், கோட்டுல ஜுரம் பார்க்கிற நர்ஸம்மாகிட்ட சொல்லிட்டேன். "நல்லாப் பார்த்தீங்களாண்ணே? லோடு நின்னுடுமே." "லோடு கிடக்கட்டும்மா, உசிருதானே முக்கியம்." என் வாயா இது? காலையிலதான் தக்காளி வீணாப் போகுது சீக்கிரம் விடுங்கன்னு இதே அம்மாகிட்ட சண்டை போட்டேன்.

கோட்டுகிட்ட போய் அவனைக் கூப்பிடுறாங்க, அவன் பாட்டுக்கு வந்து குனிஞ்சு நெத்தியைக் காட்டுறான், அவ்வளவு உசரத்துக்கு அந்தம்மாவுக்கு எட்டாதுல்ல. ஏறணும், ஜுரம் ஏறியிருக்கணும், சாமி, நூறைத் தாண்டணும்... தாண்டினா? போன லோடுக்கு அவன் சாப்பிட்டப்போ அக்கா எதிர்ல உட்கார்ந்திருப்பா, பரிமாறினா எழுந்து போகமாட்டா, அது அவ பழக்கம், ஜன்னல்கூட இல்லாத அந்தச் சின்ன ரூம், அதுல சர்க்கரை உடம்பு... அடப்பாவி, நேத்துலேர்ந்து அவ போட்ட சோத்தையே நினைச்சிட்டிருந்தேனே, அவளை ஒரு தடவையாவது நினைச்சேனா? வேணாம் சாமி, ஜுரம் வேணாம், வெறும் இருமலா இருக்கட்டும், வண்டியை எடுத்துட்டுப் போகட்டும், போய் அக்கா வீட்டுலயே உட்கார்ந்து நல்லா சாப்பிடட்டும்... நர்ஸம்மா கருவியைக் கண்ணுகிட்ட கொண்டுபோய்ப் பார்க்கிறாங்க, மறுபடியும் அவன் நெத்தியில வைக்கிறாங்க, ஏன் மறுபடியும்? சாப்பிடட்டும்னுதான் வேண்டிக்கிறேன், சத்தியமா, ஆனா அவ அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு வைக்கிறதை நினைச்சா, இப்பவும்...