அனாக்ஸியோஸ் என்று கத்தியவள்

எங்கள் கிரேக்கச் சபையில் கல்யாணமானவனும் பாதிரியாராகலாம். ஒருவனைப் பாதிரியாராக்கும்போது, ஆயர் அவனுக்கு ஒவ்வோர் அங்கியாக அணிவித்து "ஆக்ஸியோஸ்" என்பார். தகுதியானவன் என்று அர்த்தம். கோயிலே அதைத் திருப்பிச் சொல்லும். யாராவது ஒருவர் "அனாக்ஸியோஸ்", தகுதியில்லாதவன், என்று சொல்லிவிட்டால் ஆயர் நிறுத்தி விசாரிக்க வேண்டும். எங்கள் மலையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நான் சொல்வதென்று இருந்தேன்.

அங்கி போடப்போனவன் என் தங்கை கரிஃபாலியாவின் புருஷன் புரோத்ரோமோஸ். ஊருக்குத் தங்கம். வீட்டில் கை நீட்டுவான். போன தவக்காலத்தில் அவள் வலது மணிக்கட்டை உடைத்தான். ஆட்டுக்கொட்டகையில் வழுக்கினேன் என்று எல்லாரிடமும் சொன்னாள். கட்டுப் போட்டவள் நான், எனக்கா தெரியாது?

முந்தின நாள், மாவு பிசைந்துகொண்டிருந்த தங்கையிடம் நான் கத்தப்போவதைச் சொன்னேன்.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு அக்கா. பாதிரியாருக்கு அரசாங்கச் சம்பளம் வரும். அங்கி போட்டா அவரும் அடங்கிருவாரு."

"நாய் வால நிமித்த அங்கி போதுமாடி? அவன் பாதிரியாராயிட்டா அப்புறம் நீ அடிபட்டேன்னு சொன்னா எவன் நம்புவான்?"

அவள் மாவைப் புரட்டிப் போட்டு மறுபடி பிசைந்தாள்.

மறுநாள் ஆயர் முதல் அங்கியை உயர்த்தினார். நான் அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "அனாக்ஸியோஸ்!"

ஆயர் அங்கியைக் கீழே இறக்கினார். "யாரும்மா அது? என்ன குத்தம்?"

"என் தங்கச்சி கையப் பாருங்க சாமி. ஒடச்சது இவன்."

பின்னாலிருந்து காபிக்கடை அரிஸ்தோஸ் முணுமுணுத்தான். "நாலு வருஷமா பொணம் பொதைக்கக்கூடப் பாதிரியார் இல்ல. வந்தவரையும் வெரட்டப் பாக்குறா பொறாமக்காரி."

ஆயர் கரிஃபாலியாவை அழைத்துக் கேட்டார். அவள் சட்டைக்கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"அக்காவுக்குப் புருஷன் விட்டுட்டுப் போனதுலேர்ந்து புத்தி சரியில்ல சாமி. நான் வழுக்கித்தான் விழுந்தேன்." பிறகு அவளே முதலில் சொன்னாள். "ஆக்ஸியோஸ்."

ஊர் மொத்தமும் கூரை அதிர அதை வாங்கிக் கத்தியது. பாவி, உனக்காகத்தானேடி கத்தினேன்.

இப்போது ரொட்டிக்கடையில் எனக்குப் பேர் அனாக்ஸியா, தகுதியில்லாதவள். சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிடுகின்றன. தங்கை பாதிரியாரம்மா, அவளைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள்.

போன வாரம் பின்வாசல் வழியாக வந்தாள். இந்தத் தடவை இடது கை. துணியைக் கிழித்துக் கட்டிவிட்டேன்.

"எங்க வழுக்குன?" என்று கேட்டேன்.

"கோயில் படியில," என்றாள்.